பிரிதலும் ஊன்றலும்

(வட்டத்தின் பத்தாவது ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைக்காசையும் வார இறுதி ஓய்வையும் முதலாகப் போட்டு நடத்தப்படும் ஓர் இலக்கிய வட்டத்துக்குப் பத்து ஆண்டுகள் சிறு வயதல்ல. இந்நாட்டிலே நம்மவர் தொடங்கிய சிற்றேடுகள் பல மூன்றாம் இதழைக் காணாமலே நின்றுபோயின. 1980களின் பிற்பகுதியில் நோர்வேயில் ‘சுவடுகள்’ வெளிவந்த காலத்தையும், 1988இல் ஜேர்மனியில் இலக்கியச் சந்திப்பு தொடங்கிய காலத்தையும் நினைவில் வைத்திருப்போர் இந்த அவையில் இருக்கிறார்கள். அந்தத் தொடர்ச்சியில் வைத்தே நமது பத்தாண்டையும் நோக்குதல் வேண்டும்.

புதிய நாட்டுக்கு ஆயத்தமாதல், அங்கே குடியமர்தல் என்பது பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தார்கள். இதைச் சமூகவியலாளர் ஒருவர் பேசியிருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பார். இது கவிஞர்கள் கூடியிருக்கும் அவை. ஆதலின் நான் ஒரு கேள்வியை முன்வைத்தே பேச விரும்புகின்றேன். நாம் புறப்பட்டதைப் பாடியிருக்கின்றோம், பிரிந்ததைப் பாடியிருக்கின்றோம், இழந்ததைப் பாடியிருக்கின்றோம். வந்து சேர்ந்ததைப் பாடினோமா?

‘புலம்பெயர்’ என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். இது நேற்று நாம் ஆக்கிக்கொண்ட சொல்லென்று நம்மிற் சிலர் எண்ணுவதுண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையிலேயே இச்சொல்லாட்சி வருகின்றது. ஆனால் அங்கே புலம்பெயர்ந்தவர்கள் நாமல்லர். காவிரிப்பூம்பட்டினத்துக்கு வேற்று நாடுகளிலிருந்து வந்து, வேற்று மொழிகள் பேசி, அவ்வூராரோடு கலந்து இனிதாக வாழ்ந்த அயலவரையே புலவர் அவ்வாறு குறிக்கின்றார். வந்தவர்கள் அழுதார்கள் என்று அவர் சொல்லவில்லை. கலந்து உறைந்தார்கள் என்றே சொல்கின்றார். வரவேற்கும் ஊரின் பெருமிதத்தோடு பாடப்பட்ட சொல் அது. அதே சொல்லை வந்து சேர்ந்தவரின் துயரத்துக்குப் பெயராக நாம் ஆக்கியிருக்கின்றோம். இம்மாற்றத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. 1983ஆம் ஆண்டு யூலையின் பின் வந்தவர்கள் வணிகம் செய்ய வந்தவர்களல்லர். எனினும், அச்சொல்லின் பழைய பொருளில் அடங்கியிருந்த ‘கலந்து உறைதல்’ நம் கவிதைகளில் எங்கே போயிற்று என்று கேட்பது தவறாகாது.

பாலைத் திணையின் அமைப்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தலைவன் பொருள் தேடிப் பிரிகின்றான். தலைவி ஆற்றியிருக்கின்றாள், அல்லது ஆற்றாது வருந்துகின்றாள். பாலைப் பாட்டு எவ்வளவு துயரம் நிறைந்ததாயினும், போனவன் திரும்பி வருவான் என்பது அதன் உட்கிடை. கார்காலம் வந்துவிட்டது, தேர் இன்னும் வரவில்லை என்ற ஏக்கத்துக்குப் பொருள் இருப்பது, தேர் வரும் என்ற நம்பிக்கை இருப்பதனாலேயே. தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் உள்ள ஒரு நூற்பாவுக்கு, கடற்பயணத்தில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று பொருள் கொள்வதுண்டு. நம்முடைய வரலாற்றின் முதற்பகுதி அந்த விதிக்கு இசைந்தே நடந்தது. முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். நோர்வே 1975இலேயே தொழிலாளர் குடிவரவை நிறுத்திவிட்டது. ஆகவே அவர்களிற் பலர் இங்குள்ள நாட்டார் உயர்பள்ளிகளில் மாணவராக இடம்பெற்று வந்தார்கள். வேறு சிலர், 1980களின் நடுப்பகுதியில், கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, விசா கேட்கப்படாமலே நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் நுழையக்கூடியதாயிருந்த அந்த வழியால் ஐரோப்பாவை அடைந்தார்கள்.

அவ்வாறு வந்தவர்கள் என்ன ஆயத்தத்தோடு வந்தார்கள்? காணி ஈடுவைக்கப்பட்டது. தாயாரின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று. இருக்கின்ற குளிர்ச்சட்டைகளுள் தடித்தது எதுவோ அது பெட்டியில் வைக்கப்பட்டது. தங்கையரின் சீதனக் கணக்கு மனத்தில் எழுதப்பட்டது. இவற்றையெல்லாம் நாம் ஆயத்தம் என்றோம். ஆனால் இவை புறப்படுவதற்கான ஆயத்தங்கள். போய் வாழ்வதற்கானவை அல்ல. போகும் நாட்டின் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. பலருக்கு நாடே தெரியாது. முகவர் அனுப்பிய இடமே நாடாயிற்று. புறப்பாட்டுக்கு மட்டுமே ஆயத்தமான ஒரு சமூகம் புறப்பாட்டை மட்டுமே பாடியது இயல்பே. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் கவிதையின் முதற்கட்டம் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதற்கான காரணமாகவே சொல்கின்றேன்.

பிறகு நடந்தது என்ன? தலைவன் திரும்பவில்லை. தலைவி புறப்பட்டு வந்தாள். உடன்போக்கு நம் இலக்கணத்தில் உண்டு; ஆனால் அது தலைவனோடு போவது. தனியே விமானம் ஏறி, மொழி தெரியாத மூன்று விமான நிலையங்களைக் கடந்து, புகைப்படத்தில் மட்டும் கண்ட ஒருவனை நோக்கி ஒரு பெண் வருவதற்கு நம் அகத்திணை மரபில் துறை இல்லை. அவள் வந்து இறங்கிய கணத்திலேயே பாலை முடிந்துவிட்டது. காத்திருப்பும் முடிந்துவிட்டது. அதற்குப் பின் தொடங்கிய வாழ்வுக்கு நாம் இன்னும் பெயர் வைக்கவில்லை.

பனியும் பனி சார்ந்த நிலமும் ஆறாந்திணை என்று சில காலமாகச் சொல்லி வருகின்றோம். இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்து 1994இல் வெளிவந்த ‘பனியும் பனையும்’ என்னும் தொகுதியின் பெயரே இரு நிலங்களையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டியது. இக்கருத்து அழகானது; தேவையானதும்கூட. ஆயினும் திணை என்பது நிலம் மட்டுமன்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றும் சேர்ந்ததே திணை. பனி நமக்கு முதற்பொருளைத் தரும். கருப்பொருளையும் உரிப்பொருளையும் நாம்தான் கண்டெடுக்க வேண்டும். இம்மூன்றையும் இந்நாட்டின் வடகோடியாகிய பின்மார்க்கை முன்வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நோர்வேத் தமிழரின் குடியமர்வு வரலாற்றின் முக்கியமான பகுதி அங்கேதான் எழுதப்பட்டது.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 10ஆம் அகலக்கோட்டில் உள்ளது. ஹமர்பெஸ்ற் நகரம் 70ஆம் அகலக்கோட்டுக்கும் வடக்கே உள்ளது. அங்கே நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி பிற்பகுதியிலேதான் மீண்டும் அடிவானத்துக்கு மேலே வருகின்றது. மே நடுப்பகுதியிலிருந்து யூலை இறுதிவரை அது மறைவதேயில்லை. நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்து ஒவ்வொன்றையும் ஒரு திணைக்கு உரிமையாக்கினர். மாலை முல்லைக்கு, யாமம் குறிஞ்சிக்கு, வைகறை மருதத்துக்கு, எற்பாடு நெய்தலுக்கு, நண்பகல் பாலைக்கு. பின்மார்க்கிலோ கோடையில் யாமம் இல்லை. குளிர்காலத்தில் நண்பகல் இல்லை. நண்பகலில் தெற்குத் திசையில் நீல வெளிச்சம் சிறிது நேரம் தோன்றி மறையும், அவ்வளவே. மாலை வராத ஊரில் மாலைப்பொழுதின் ஏக்கத்தை எங்கே வைப்பது? இரவுப் பணி முடிந்து வெயிலில் நடந்து வீடு வந்து, கறுப்புத் திரையை இழுத்துவிட்டுத் தூங்க முயன்றவனின் யாமம் எது? தமிழ்க் கவிதைக்கு இதற்கு முன் கிடைத்திராத கேள்விகள் இவை. நாமோ இங்கிருந்து கொண்டே அந்தி வானத்தையும் முற்றத்து நிலவையும் எழுதிக்கொண்டிருக்கின்றோம்.

இனிக் கருப்பொருள். உணவும் தொழிலும் இதில் அடங்கும். 1980களிலும் 1990களிலும் பின்மார்க்கின் கரையோர ஊர்களில் இருந்த மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் நம்மவர் பெருமளவில் வேலை செய்தனர். உள்ளூர் இளைஞர்கள் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மொழி தெரியாதவருக்கும் வேலை கிடைக்கும் இடம் அது. வெண்சீருடை, றப்பர்ச் சப்பாத்து, கையில் கூரிய கத்தி, முன்னே குளிர்ந்த மீன். திணையின்படி பார்த்தால் அது நெய்தல் நிலம். ஆனால் இந்த நெய்தலில் புன்னையில்லை, தாழையில்லை. கருவாடு உண்டு, ஆனால் உப்பும் வெயிலும் இல்லாத கருவாடு. வடநோர்வேயில் பனிக்காலத்தின் பிற்பகுதியில், கொட் மீனை இரண்டிரண்டாகக் கட்டி மரச் சட்டங்களில் தொங்கவிடுவார்கள். குளிர்காற்றே அதை உலர்த்தும். வெயிலில் கருவாடு காய்ந்த கடற்கரையிலிருந்து வந்தவர்கள், குளிரில் கருவாடு காயும் கடற்கரையைக் கண்டார்கள். இதைவிடப் பொருத்தமான உள்ளுறை ஒரு கவிஞனுக்கு எங்கே கிடைக்கும்?

இங்கே சொல்லியாக வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஊரில் மீன் தொழிலை இழிவாக நோக்கி, அத்தொழில் செய்வோரைத் தம் வீட்டு வாசலுக்கு அப்பால் நிறுத்திய குடும்பங்களில் பிறந்தவர்களும், அத்தொழிலையே பரம்பரையாகச் செய்தவர்களும் அந்தத் தொழிற்சாலைகளில் ஒரே மேசையின் முன் நின்று மீன் வெட்டினார்கள். கூலி ஒன்று. சீருடை ஒன்று. மீனின் நாற்றமும் ஒன்று. யார் வேகமாகவும் பழுதின்றியும் வெட்டுகின்றார் என்பதே அங்கு மேன்மை. நம் சமூக வரலாற்றிலே எவ்வளவு பெரிய நிகழ்ச்சி இது! ஆனால் ஊருக்கு எழுதிய கடிதங்களில் பலர் இதை மறைத்தனர். ‘தொழிற்சாலையில் வேலை’ என்று மட்டும் எழுதினர். கவிதையும் மறைத்துவிட்டது. சாதி அந்த மேசையோடு ஒழிந்துவிட்டதென்று நான் சொல்லவில்லை. திருமணப் பேச்சு வந்ததும் அது விமானம் ஏறி வந்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அந்த மேசையைப் பாடியிருந்தால், அது அவ்வளவு எளிதில் வந்திருக்குமா என்பது என் ஐயம்.

மீன் என்றவுடன் ஒருவரை நினைவுகூராமல் அப்பாற் செல்லலாகாது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் இந்நாட்டுக்கு வந்தார். அப்போது அகதி என்ற சொல் நமக்கு உரித்தாகவில்லை. அவர் இங்கு மீன்பிடித் தொழிலறிவைக் கற்று, நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் ‘சீநோர்’ நிறுவனம் உருவாக வழிசெய்தார். புதிய நாட்டில் காலூன்றுவது பழைய ஊரைக் கைவிடுவது ஆகாது என்பதற்கு நம்மிடையே உள்ள முதற்சான்று அவர்.

மூன்றாவது உரிப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், ஊடல், இரங்கல் என ஐந்து உண்டு. இவ்வைந்தும் இங்கும் உள்ளன. மனிதர் இருக்குமிடமெல்லாம் உள்ளன. ஆனால் இவ்வாழ்வுக்கே சிறப்பாக உரியது எது? அதனை ‘ஊன்றல்’ என்று சொல்லலாம் என எனக்குத் தோன்றுகின்றது. நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் ஊன்றுகின்றோமே, அந்த ஊன்றல். வழுக்கும் பனியில் விழாமல் காலை ஊன்றுகின்றோமே, அந்த ஊன்றல். இலக்கணம் வகுப்பது என் நோக்கமன்று. பெயர் வேறாயினும் பாதகமில்லை. பொருள் இருக்கின்றது என்பதே என் வாதம்.

ஊன்றலின் துறைகள் பல. மொழி அவற்றுள் முதலாவது. நோர்வேஜிய மொழியில் மரியாதைப் பன்மை வழக்கொழிந்துவிட்டது. முதலாளியையும் ஆசிரியரையும் வைத்தியரையும் ‘டு’ என்றுதான் அழைக்க வேண்டும். அதுவும் முதற்பெயர் சொல்லி. ‘நீங்கள்’ என்பதை நாவில் ஊறவைத்து வளர்ந்த ஒருவர், தம் தகப்பன் வயதுள்ள மேலாளரை முதன்முதல் ‘நீ’ என்று விளித்தபோது அடைந்த கூச்சம் ஒரு துறை. அதே வீட்டில் வளரும் பிள்ளை, அந்த மொழியின் வழக்கப்படி தகப்பனையும் ‘நீ’ என்று விளிக்க, அது அவமதிப்பா அன்பா என்று அறியாது தகப்பன் திகைப்பது மற்றொரு துறை. பெற்றோருக்காகப் பத்து வயதுப் பிள்ளை வைத்தியசாலையில் மொழிபெயர்க்கின்றது. தாயின் நோயைத் தாய்க்கே சொல்ல வேண்டிய பொறுப்பு அதன் நாவில் வந்து அமர்கின்றது. அதுவும் ஒரு துறை.

இந்நாட்டார் ‘டுக்னாட்’ என்கிறார்களே, குடியிருப்போர் எல்லோரும் கூடி முற்றம் பெருக்கி, வேலிக்கு வர்ணம் பூசி, ஒன்றாகக் கோப்பி குடிப்பது, அது நம் ஊர்ச் சிரமதானமன்றி வேறென்ன? அயலவர் நம் கதவைத் தட்டுவதில்லை என்று முறையிடும் நாம், அவர்கள் பெருக்குமாறோடு நிற்கும் நாளில் கதவைத் திறந்தோமா? திறந்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்களே முதலில் ஊன்றியவர்கள்.

அரசும் காலப்போக்கில் இதனைக் கற்றுக்கொண்டது. புதிதாக வருவோருக்கு மொழியும் சமூக அறிவும் தொழில் ஆயத்தமும் வழங்கும் அறிமுகத் திட்டம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. 2021இல் புதிய ஒருங்கிணைப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. நம் முதற்தலைமுறைக்கு இத்தகைய ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. தொழிற்சாலை மேசையே அவர்களுக்கு வகுப்பறை. அவர்கள் கற்ற முதற் சொற்கள் மீனின் பெயர்களும் கத்தியின் பெயர்களும். அச்சொற்களை யாராவது எழுதி வைத்திருக்கிறோமா?

நம்மை ஏற்ற மண்ணையும் சற்று அறிதல் வேண்டும். ஊன்றுகிறவன் மண்ணை அறியாது ஊன்ற முடியாது. 1944இன் இலையுதிர்காலத்தில், பின்வாங்கிச் சென்ற ஜேர்மன் படைகள் பின்மார்க்கை எரித்தன. மக்கள் வலுக்கட்டாயமாகத் தெற்கே அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் குகைகளிலும் குடிசைகளிலும் ஒளிந்து குளிர்காலத்தைக் கழித்தனர். ஹமர்பெஸ்ற்றில் இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றைத் தவிர எந்தக் கட்டடமும் எஞ்சவில்லை. போர் முடிந்ததும் அம்மக்கள் திரும்பி வந்து சாம்பலின் மேல் ஊரைக் கட்டினார்கள். நம்மவர் மீன் வெட்டச் சென்றபோது அவ்வூர் முதியோர் எல்லோரும் ஒரு காலத்தில் இடம்பெயர்ந்தவர்கள். எரிந்த ஊரிலிருந்து வந்தவர்களும், எரிந்த ஊரைத் திரும்பக் கட்டியவர்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். ஒருவர் கதையை மற்றவர் கேட்டிருந்தால் எத்தனை கவிதைகள் பிறந்திருக்கும்!

அதே மண்ணின் ஆதிக்குடிகளாகிய ஸாமி மக்களின் கதையோ நமக்கு இன்னும் நெருக்கமானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஒரு நூறாண்டு காலம் அவர்களின் மொழி பள்ளிகளில் ஒடுக்கப்பட்டது. பிள்ளைகள் தம் தாய்மொழி பேச வெட்கப்பட்டனர். 1989இல் காரஸ்யோக்கில் ஸாமிப் பாராளுமன்றம் திறக்கப்பட்டது. 1991இல் ஸாமி மொழிக் கவிஞர் நில்ஸ்-அஸ்லாக் வல்கியபா தம் கவிதை நூலுக்காக நோர்டிக் கவுன்சிலின் இலக்கியப் பரிசைப் பெற்றார். 2023இல் அவ்வொடுக்குமுறை பற்றிய உண்மை, நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்தில் கையளிக்கப்பட்டது. சிறிய மொழி ஒன்று இந்நாட்டில் பிழைக்க முடியுமா என்று நாம் கவலைப்படும்போது, அதே கவலையை நமக்கு முன்பே பட்டு, கவிதையால் விடை சொன்னவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். அவர்களின் ஒரு கவிதையையேனும் தமிழில் ஆக்கினோமா?

இவையெல்லாம் இன்று ஏன் அவசரமாகின்றன என்பதைச் சொல்லி முடிக்கின்றேன். பின்மார்க் ஊர்களில் இருந்த நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை பின்னர் தெற்கே வந்துவிட்டன. பிள்ளைகளின் படிப்பு, தமிழ்ப் பள்ளி, உறவினர், கோயில் எனக் காரணங்கள் பல. முதலில் வந்த அந்த இளைஞர்கள் இப்போது ஓய்வூதியம் பெறும் வயதில் இருக்கிறார்கள். சிலரை நாம் வழியனுப்பியும் விட்டோம். 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் நோர்வே வந்து, ஹமர்பெஸ்ற்றில் சிறுபராயத்தைத் தொடங்கிய கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை நகரபிதாவானார். 2021இல் நோர்வேப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். மீன் ஊரிலிருந்து பாராளுமன்றம் வரை முப்பது ஆண்டு. வாழ்க்கை இவ்வளவு தூரம் நடந்துவிட்டது. நம் கவிதையில் தலைவன் இன்னும் விமான நிலையத்திலேயே நிற்கின்றான்.

இதனால் வரும் இழப்பு இலக்கியத்துக்கு மட்டுமன்று. பின்வரிசையில் இருக்கும் இளையோர் தமிழ்ப் பள்ளியிற் கற்றவர்கள். தமிழ்க் கவிதை வாசிக்கக் கூடியவர்கள். அவர்கள் நம் தொகுதிகளைத் திறந்தால் அங்கே எதைக் காண்கிறார்கள்? தாம் பிறக்காத ஊருக்கான ஏக்கத்தை. தாம் பிறந்த ஊர் அன்னிய நிலமாக, உறைந்த நரகமாகச் சித்திரிக்கப்படுவதை. பெற்றோர் தம்மை வளர்த்த ஆண்டுகள் வெறும் காத்திருப்பாகக் கணக்கிடப்படுவதை. தமக்கு இடமில்லாத மொழியில் அவர்கள் ஏன் எழுத வேண்டும்? தமிழ் அடுத்த தலைமுறைக்குப் போகுமா என்று மேடைதோறும் கேட்கின்றோம். தமிழ்க் கவிதைக்குள் அடுத்த தலைமுறை வாழ இடம் உண்டா என்பதே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி.

ஊரை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளற்க. போரில் மாண்டோரையும் காணாமற் போனோரையும் பாடுவது நம் கடன். அது தீராக் கடன். ஆனால் இரங்கலோடு ஊன்றலையும் பாட முடியும் என்பதற்கு நம் மரபிலேயே சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கையின் மலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். எழுத்தறிவு மறுக்கப்பட்ட அம்மக்கள் கங்காணியையும் கூலியையும் கொழுந்துக் கூடையையும் அட்டைக் கடியையும் பாடினார்கள். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த அப்பாடல்களிலே ஒரு புதிய நிலத்தின் வாழ்வு முழுவதும் இருக்கின்றது. அழுகை இருக்கின்றது; எள்ளல் இருக்கின்றது; காதலும் இருக்கின்றது. அதனாலேயே இன்று மலையகம் என்பது ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயராக இல்லாமல் ஒரு மக்களின் பெயராக நிற்கின்றது. பள்ளி சென்ற நாம் அவர்களிடம் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு மூன்று பணிகளைப் பணிவுடன் முன்வைக்கின்றேன். ஒன்று, வடக்கே மீன் தொழிற்சாலைகளில் உழைத்த நம் மூத்தோரை, ஆண்களையும் பெண்களையும், அழைத்து அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து எழுத்தாக்குதல். அவர்களுட் பலர் தம்மிடம் சொல்ல ஏதுமில்லை என்பார்கள். அருகிருந்து கேட்க வேண்டும். இரண்டு, ஆண்டுக்கு ஓர் அமர்வையேனும் நோர்வேஜிய, ஸாமிக் கவிதைகளைத் தமிழாக்குவதற்கு ஒதுக்குதல். மூன்று, நோர்வேஜிய மொழியில் எழுதும் நம் பிள்ளைகளை இம்மேடைக்கு அழைத்து, அவர்கள் எழுதியதை அவர்கள் மொழியிலேயே வாசிக்கச் செய்து, அதன்பின் நாம் தமிழாக்கிக் கேட்டல். அவர்கள் தமிழில் எழுதும்வரை காத்திருப்போமானால், அது இன்னுமொரு பாலையாகிவிடும்.

புறப்பாட்டுக்கு ஆயத்தமில்லாமல் வந்தோம். வாழ்வுக்கும் ஆயத்தமில்லாமலே தொடங்கினோம். கவிதைக்காவது ஆயத்தமாவோம். இந்த வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலரைத் திறப்பவர், பனியை வாயிற்படியிலே தட்டிவிட்டு வீட்டுக்குள் நுழையும் ஒரு மனிதரை அதிலே காண வேண்டும். அவர் நுழைவது தம் சொந்த வீட்டுக்குள்ளாக இருக்க வேண்டும்.